மைக்ரோசர்வீஸ் டெஸ்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நான்கைந்து பேர் சேர்ந்து சாஃப்ட்வேர் எழுதும் குழுக்கள், மைக்ரோசர்வீஸ் (ஒரே பெரிய மென்பொருளைத் தனித்தனியாக ஓடும் சிறு சர்வீஸ்களாகப் பிரிக்கும் முறை) பக்கம் வந்ததும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா விடைக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறோம்: கடலூரில் கிடங்கு வைத்துப் பண்ருட்டி முந்திரியை ஆன்லைனில் விற்கும் ஒரு கற்பனைக் கடை. அதன் மென்பொருள் ஆறு சர்வீஸ்களாகப் பிரிந்திருக்கிறது: ஆர்டர், ஸ்டாக், வரி, பேமென்ட், டெலிவரி, அறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். ஆர்டர் சர்வீஸ் வரியையும் பேமென்ட்டையும் நேரடியாக ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கேட்கும் வழி) மூலம் கூப்பிடுகிறது. மற்ற மூன்றும் காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு வழியாகச் செய்தி வாங்கிக்கொள்கின்றன.

எல்லா சர்வீஸிலும் யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது) பச்சையாக, அதாவது வெற்றியாக, இருக்கிறது. பிறகும் புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மை அமைப்பில்) உடைகிறதே, ஏன்?

உடைவது பெரும்பாலும் சர்வீஸுக்குள் இல்லை, இரண்டு சர்வீஸுக்கு நடுவில். ஒரே அப்ளிகேஷனாக இருந்தபோது ஆர்டர் பகுதி பேமென்ட் பகுதியை ஒரு ஃபங்ஷனாகக் கூப்பிட்டது. ஃபங்ஷனின் வடிவம் மாறினால் கம்பைலரே நிறுத்திவிடும். இப்போது அதே அழைப்பு நெட்வொர்க்கில் போகிறது. பதில் தாமதமாக வரலாம், வராமலே போகலாம். எதிரில் இருப்பது வேறு பதிப்பாக இருக்கலாம். ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேரலாம். யூனிட் டெஸ்ட் இதில் எதையும் பார்ப்பதில்லை.

ஒரு வகையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பேமென்ட் சர்வீஸ் தொகையை ரூபாயில், 450.00 என்று தந்துகொண்டிருந்தது. ஒருவர் அதைப் பைசாவுக்கு மாற்றி 45000 ஆக்கி, தன் டெஸ்டுகளையும் கையோடு திருத்திவிட்டார். பேமென்ட் பச்சை. ஆர்டர் சர்வீஸின் டெஸ்டில் இருக்கும் மாக் (உண்மைப் பகுதிக்குப் பதிலாக நிற்கும் போலி) இன்னும் பழைய 450.00-ஐத்தான் தருகிறது. ஆர்டரும் பச்சை. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் 450 ரூபாய் முந்திரிக்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் பில் வருகிறது. கீழே சொல்லப்படும் முறைகளில் பாதிக்கு மேல் இந்த நடுவெளியைக் காவல் காப்பதற்குத்தான்.

டெஸ்ட் பிரமிடா, தேன்கூடா? எதைப் பின்பற்றுவது?

யூனிட் டெஸ்ட் அடியில் நிறைய, மேலே போகப் போகக் குறைவு என்பது பிரமிடு; மைக் கோன் 2009-இல் பரவலாக்கியது. சர்வீஸைப் பெட்டிபோல மூடிவைத்து வெளியிலிருந்து சோதிக்கும் டெஸ்டுகளே நடுவில் பெருத்திருக்க வேண்டும் என்பது தேன்கூடு. ஸ்பாட்டிஃபை பொறியாளர்கள் 2018-இல் முன்வைத்தது. ஆறு சர்வீஸுக்கும் ஒரே வடிவத்தைத் திணிக்காதீர்கள். வரி சர்வீஸ் முழுக்கக் கணக்கு; அதற்கு நூற்றுக்கணக்கில் யூனிட் டெஸ்ட் எழுதினாலும் தகும், இரண்டு விநாடியில் ஓடி முடியும். ஆர்டர் சர்வீஸ் இங்கே வாங்கி அங்கே கொடுக்கும் தரகு வேலை. அதில் ஒவ்வொரு கிளாஸையும் மாக் போட்டுச் சோதித்தால், மாக் சொன்னதை மாக்கிடமே கேட்டதாகத்தான் முடியும். அதற்கு உண்மை டேட்டாபேஸோடு சர்வீஸை முழுதாக எழுப்பி, ஏபிஐயைத் தட்டிப் பார்க்கும் 30, 40 டெஸ்ட் போதும்.

வரி சர்வீஸுக்கு எந்தத் தரவை வைத்து டெஸ்ட் எழுதுவது?

இந்த ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. கிடங்கு கடலூரில், அதாவது தமிழ்நாட்டில். ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 33. புதுச்சேரியின் குறியீடு 34. தமிழ்நாட்டுக்குள் சரக்கு போனால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) இரண்டும். புதுச்சேரிக்குப் போனால் ஐஜிஎஸ்டி (எல்லை தாண்டிப் போகும் சரக்குக்கான வரி). மொத்த வரி ஒன்றேதான் என்றாலும், தவறான தலைப்பில் கட்டினால் பிறகு திருத்துவது பெரிய தலைவலி.

பலரும் எழுதும் குறுக்குவழி: ‘பின்கோடு 605-இல் தொடங்கினால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு.’ இரண்டு பக்கமும் இது தவறு. விழுப்புரம் நகரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. கடலூர் சாலையில் இருக்கும் கிருமாம்பாக்கம், பாகூர் பகுதிக்கு 607402, அது புதுச்சேரி. தெற்கே போனால் மயிலாடுதுறை 609001 தமிழ்நாடு, காரைக்கால் 609602 புதுச்சேரி. மாஹே 673310 கேரளத்துக்கு நடுவிலும், ஏனாம் 533464 ஆந்திரத்துக்கு நடுவிலும் இருந்தாலும் இரண்டும் 34-தான். இந்த ஏழு பின்கோடுகளையும் அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய வரித் தலைப்பை எழுதி, ஒரே டெஸ்டை ஏழு வரிசைக்கும் ஓட்டுங்கள். முதல் மூன்று இலக்கத்தை நம்பும் எந்தக் கோடும் அங்கேயே சிவப்பாகிவிடும்.

பின்கோட்டை வைத்து மாநிலத்தை முடிவு செய்யவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மாநிலத்தை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கட்டும். பின்கோடு அதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பில் முகவரி ஒன்று, டெலிவரி முகவரி வேறு என்ற நிலைக்கும் டெஸ்ட் தேவை. வாங்குபவருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறலாம். அந்த வரிசைகளுக்கு எதிர்பார்ப்பு விடையை டெவலப்பர் ஊகிக்கக் கூடாது. ஆடிட்டரிடம் ஒரு எக்செல் தாளில் எழுதி வாங்கி, அதையே டெஸ்டின் உள்ளீடாக வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸை மாக் செய்யலாமா? மெமரியில் ஓடும் எச்2 டேட்டாபேஸ் போதாதா?

புரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் டெஸ்டிலும் போஸ்ட்கிரெஸ். எச்2-வில் போஸ்ட்கிரெஸின் பார்ஷியல் இண்டெக்ஸ் இல்லை, ஜேசான்பி ஆபரேட்டர்கள் இல்லை, லாக் பிடிக்கும் நடத்தையும் வேறு. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற லைப்ரரி, டெஸ்ட் தொடங்கும்போது டாக்கரில் (சாஃப்ட்வேரைத் தனிப் பெட்டியாக, கன்டெய்னராக, ஓட்டும் கருவி) உண்மையான போஸ்ட்கிரெஸை எழுப்பி, முடிந்ததும் அழித்துவிடும். புரொடக்‌ஷனில் ஓடும் அதே பதிப்பு எண்ணை எழுதுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதினால் ஒருநாள் காரணமே தெரியாமல் டெஸ்ட் விழும். 5432 போர்ட்டை நிலையாகக் கட்டாமல், லைப்ரரி தரும் போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கன்டெய்னரை ஒவ்வொரு டெஸ்டுக்கும் எழுப்பாமல் மொத்த ஓட்டத்துக்கும் ஒருமுறை எழுப்பினால் போதும். டேபிள்களை டெஸ்டுக்கென்று தனியாக உருவாக்காமல், புரொடக்‌ஷனில் ஓடும் அதே மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும்) ஸ்கிரிப்டுகளால் உருவாக்குங்கள். மைக்ரேஷனும் அங்கேயே சோதிக்கப்பட்டுவிடும்.

ஸ்டாக் சர்வீஸுக்குத் தவறாமல் எழுத வேண்டிய டெஸ்ட் ஒன்று: கையிருப்பு 10 பாக்கெட் என்று வைத்து, 20 த்ரெட் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு பாக்கெட் கேட்கட்டும். சரியாக 10 வெற்றி, 10 மறுப்பு, மீதி 0 என்று வர வேண்டும். கையிருப்பை முதலில் படித்து, கோடில் கழித்து, திரும்ப எழுதும் முறையில் இது விழும். மீதி 3 அல்லது 4 என்று நிற்கும். ‘கையிருப்பு 1-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒன்று குறை’ என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட் வாக்கியமாக எழுதினால் தேறும். மாக் வைத்து இந்தத் தவற்றை ஒருநாளும் பிடிக்க முடியாது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. ஒவ்வொரு டெஸ்டையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டிக் கடைசியில் ரோல்பேக் செய்யும் (மாற்றங்களைத் திரும்பப் பெறும்) வழக்கம் வசதியானது. ஆனால் கமிட் (மாற்றங்களை நிலையாக எழுதுவது) நடக்கும்போது மட்டும் வெளிப்படும் பிழைகள் அதில் தெரியாது. கமிட்டுக்குப் பிறகு காஃப்காவுக்குச் செய்தி அனுப்பும் கோடு அங்கே ஓடவே ஓடாது. அத்தகைய டெஸ்டுகளில் உண்மையாகவே கமிட் செய்து, முடிந்ததும் டேபிளைக் காலி செய்யுங்கள்.

கான்ட்ராக்ட் டெஸ்ட் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

மேலே சொன்ன ரூபாய், பைசா குழப்பத்துக்கான மருந்து இது. அழைக்கும் சர்வீஸ், ‘உன்னிடம் இப்படிக் கேட்பேன், இந்த வடிவில் பதில் வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கிறது. பதில் தரும் சர்வீஸ் ஒவ்வொரு பில்டிலும் அதை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். பேக்ட் என்ற கருவியில் வேலை இப்படிப் போகும்:

1. ஆர்டர் சர்வீஸின் டெஸ்டில், பேமென்ட் போல நடிக்கும் ஒரு சர்வரை பேக்ட் எழுப்புகிறது. ஆர்டரின் உண்மையான கிளையன்ட் கோடு அதைக் கூப்பிடுகிறது.
2. டெஸ்ட் வெற்றியானால் கேள்வியும் எதிர்பார்த்த பதிலும் ஒரு ஜேசான் கோப்பாகின்றன. அது பேக்ட் புரோக்கருக்கு (கான்ட்ராக்டுகளைச் சேர்த்துவைக்கும் சர்வர்), கோடின் பதிப்பைக் காட்டும் கமிட் எண்ணோடு போகிறது.
3. பேமென்ட் சர்வீஸின் பைப்லைன் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் தொடர்) அந்தக் கோப்பை எடுத்து, உண்மையான பேமென்ட் சர்வீஸிடம் அதே கேள்விகளைக் கேட்கிறது. ‘ஆர்டர் 101-க்குப் பணம் கட்டியாயிற்று’ போன்ற முன்நிலையை உருவாக்கித் தருவது பேமென்ட் குழுவின் பொறுப்பு.
4. டிப்ளாய்க்கு, அதாவது புதிய பதிப்பை ஏற்றுவதற்கு, முன் ‘கேன்-ஐ-டிப்ளாய்’ கட்டளை ஓடுகிறது. இந்தப் பதிப்பு, புரொடக்‌ஷனில் இப்போது இருக்கும் எதிர்ப்பக்கப் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று புரோக்கர் பார்த்துச் சொல்லும். இல்லையென்றால் பைப்லைன் நிற்கும்.

நான்காவது படியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதை விட்டால் மற்ற மூன்றும் காட்சிப்பொருள்தான்.

தவறு நடக்கும் இடங்கள் இவை. பதிலில் உள்ள இருபது புலங்களையும் ஆர்டர் எதிர்பார்ப்பாக எழுதிவிடுகிறது. அது படிப்பது என்னவோ மூன்றைத்தான். பிறகு பேமென்ட் குழுவால் எதையும் மாற்ற முடியாமல் போகிறது. படிக்கும் புலங்களை மட்டும் எழுதுங்கள். மதிப்பையும் ‘சரியாக 450’ என்று பூட்டாமல், ‘தசம எண்ணாக இருக்க வேண்டும்’ என்று வகையால் பொருத்துங்கள். இப்படிச் செய்தால் 450.00 முழு எண்ணாக மாறுவது பிடிபடும். ஆனால் முழு எண் ரூபாயிலிருந்து முழு எண் பைசாவுக்கு மாறினால் வகை ஒன்றாகவே இருப்பதால் தப்பிவிடும். அதனால் புலத்தின் பெயரிலேயே அலகைச் சேர்த்து, ‘தொகை_பைசா’ என்பதுபோல வையுங்கள். அலகு மாறும்போது பெயரும் மாறும், கான்ட்ராக்ட் உடையும்.

நாங்கள் மூன்று பேர்தான். எல்லா சர்வீஸையும் நாங்களே எழுதுகிறோம். பேக்ட் அவசியமா?

அவசியமில்லை. எல்லாம் ஒரே ரெப்போவில் (கோடு சேமிக்கும் இடத்தில்) இருந்தால், ஏபிஐயின் வடிவத்தை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பை ஒவ்வொரு பில்டிலும் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, புலம் நீங்கினாலோ வகை மாறினாலோ பில்டை நிறுத்தும் ஒரு படி போதும். இரண்டாவது குழு வரும்போது பேக்ட் பற்றி யோசிக்கலாம். வெளியார் பேமென்ட் கேட்வேக்கு பேக்ட் உதவாது. அவர்கள் உங்கள் கான்ட்ராக்டைத் தங்கள் பில்டில் ஓட்டமாட்டார்கள். அவர்கள் தரும் சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான நகல் அமைப்பில்) தினமும் ஒருமுறை ஐந்தாறு அழைப்பு செய்து, பதிலின் வடிவம் உங்கள் ஸ்டப்போடு (கேட்வே போல முன்கூட்டி எழுதிய பதிலைத் தரும் போலி சர்வரோடு) ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இதை டிப்ளாய் பைப்லைனோடு கட்டாதீர்கள். சாண்ட்பாக்ஸ் படுத்தால் உங்கள் வேலையும் படுத்துவிடும்.

பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகவில்லை என்ற புகார் வருகிறது. இதை எப்படி முன்கூட்டியே சோதிப்பது?

கடை சிறியதோ பெரியதோ, வாடிக்கையாளரின் பணம் நடுவழியில் தொங்குவது பெரிய துரோகமாகத் தெரியும். அதனால் இதற்குச் செலவிடும் நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேட்வே பணத்தைப் பிடித்துவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது என்ற நிலையை உருவாக்க வேண்டும். ஸ்டப்பில் 500 பிழை திருப்புவது இதற்கு ஈடாகாது. அதில் ‘பிழை’ என்று ஒரு பதிலாவது வந்து சேர்கிறது. இங்கே பதிலே இல்லை, பணம் பிடிபட்டதா இல்லையா என்றே தெரியாது. பேமென்ட் சர்வீஸுக்கும் கேட்வே ஸ்டப்புக்கும் நடுவில் நெட்வொர்க் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் டாக்ஸிபிராக்ஸியை வையுங்கள். அதில் ‘டைம்அவுட்’ டாக்ஸிக்கை (கோளாறு வகையை), பதில் வரும் திசையில், அதாவது டவுன்ஸ்ட்ரீமில் போடுங்கள். கோரிக்கை கேட்வேயை அடையும், பதில் திரும்பாது. இப்போது பார்க்க வேண்டியவை: ஆர்டரின் நிலை ‘தோல்வி’ ஆகாமல் ‘நிலுவை’ என்று நிற்க வேண்டும். மறுமுயற்சி அதே ஐடம்போட்டன்சி கீயோடு (ஒரே கோரிக்கை இருமுறை நடக்காமல் காக்கும் அடையாள எண்ணோடு) போக வேண்டும். கேட்வே ஸ்டப்பின் கணக்கில் ஒரே ஒரு பிடித்தம்தான் இருக்க வேண்டும். பிறகு டாக்ஸிக்கை எடுத்துவிட்டால், நிலையைக் கேட்டறியும் வேலை அடுத்த சுற்றில் ஆர்டரை ‘வெற்றி’ ஆக்க வேண்டும்.

இன்னொரு வரிசையையும் சோதியுங்கள்: கேட்வே தானாக அனுப்பும் தகவலான வெப்ஹூக், நேரடிப் பதிலுக்கு முன்பே வந்து சேருவது. அப்போது ஆர்டர் சர்வீஸின் டேட்டாபேஸில் அந்தப் பேமென்ட் எண் இன்னும் எழுதப்பட்டிருக்காது. ‘தெரியாத எண்’ என்று வெப்ஹூக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 200 (‘சரி’) திருப்பும் கோடு இருந்தால், அந்த ஆர்டர் நிலுவையிலேயே கிடக்கும்.

மறுமுயற்சியை எண்ணிப் பாருங்கள். மொபைல் ஆப் 3 முறை, ஆர்டர் 3 முறை, பேமென்ட் 3 முறை முயன்றால், ஒரு வாடிக்கையாளரின் ஒரு தட்டலுக்குக் கேட்வேயில் 27 அழைப்பு விழலாம். ஒரே ஒரு அடுக்கில் மட்டும் மறுமுயற்சி வைத்து, அந்த எண்ணிக்கையை ஸ்டப்பில் எண்ணி உறுதிசெய்யுங்கள்.

காஃப்கா வழியாகப் போகும் செய்திகளை எப்படிச் சோதிப்பது?

காஃப்கா வழக்கமான அமைப்பில் ‘குறைந்தது ஒருமுறை’ கொண்டுசேர்க்கும். இரண்டாம் முறையும் வரலாம். கன்ஸ்யூமர் (செய்தியை வாங்கும் சர்வீஸ்) வேலையை முடித்து, ஆஃப்செட்டைக் (எதுவரை படித்தது என்ற குறிப்பை) கமிட் செய்வதற்குள் விழுந்தால் அதே செய்தி மறுபடி வரும். அதனால் முதல் டெஸ்ட்: ஒரே ஈவென்ட் ஐடியோடு ‘2 பாக்கெட் எடு’ என்ற செய்தியை இரண்டு முறை அனுப்புங்கள். கையிருப்பு 50-லிருந்து 48 ஆக வேண்டும்; 46 ஆனால் தவறு.

இரண்டாவது, வரிசை. ஒரே பார்ட்டிஷனுக்குள் (டாப்பிக் என்னும் செய்தித் தொகுப்பின் ஒரு பிரிவுக்குள்) மட்டும்தான் காஃப்கா வரிசையைக் காப்பாற்றும். அமைப்பை மாற்றாவிட்டால் தானாக உருவாகும் டாப்பிக்கில் ஒரே பார்ட்டிஷன்தான் இருக்கும். அதனால் டெஸ்டில் எல்லாம் ஒழுங்காகவே வரும். புரொடக்‌ஷனில் ஆறு பார்ட்டிஷன் இருந்து, செய்திக்குக் கீ (எந்தப் பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் மதிப்பு) வைக்க மறந்திருந்தால், ‘ரத்து’ முதலிலும் ‘ஆர்டர்’ பிறகும் வரலாம். டெஸ்ட் டாப்பிக்கை மூன்று பார்ட்டிஷனோடு நீங்களே உருவாக்குங்கள். ஆர்டர் எண்தான் கீயாகப் போகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, படிக்க முடியாத ஒரு செய்தியை வேண்டுமென்றே நடுவில் போடுங்கள். சில முயற்சிக்குப் பிறகு அது டெட்-லெட்டர் (படிக்க முடியாத செய்திகளை ஒதுக்கும்) டாப்பிக்குக்குப் போய், அதற்கு அடுத்த செய்தி நடக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பார்ட்டிஷன் முழுதும் அங்கேயே அடைபடும்.

செய்தி வந்துசேரக் காத்திருக்க ‘5 விநாடி ஸ்லீப்’ எழுதாதீர்கள். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை நிலையைப் பார்த்து, 10 விநாடிக்குள் வராவிட்டால் மட்டும் தோற்கடியுங்கள். ஜாவாவில் அவேட்டிலிட்டி லைப்ரரி இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கன்ஸ்யூமர் குரூப் பெயரைப் புதிதாக வையுங்கள். பழைய பெயர் என்றால் முந்தைய ஓட்டத்தின் ஆஃப்செட் குறுக்கே வரும்.

எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் எத்தனை வைப்பது?

எல்லா சர்வீஸையும் சேர்த்து முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் இது. இந்தக் கடைக்கு ஐந்திலிருந்து எட்டு. ஆர்டர் போட்டுப் பணம் கட்டுவது, ரத்து செய்து பணம் திரும்புவது, கையிருப்பு இல்லாதது, புதுச்சேரி டெலிவரி, கேஷ் ஆன் டெலிவரி. பணம் புழங்கும் பாதைகளுக்கு மட்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்டும் 100-க்கு 99 முறை சரியாக ஓடும் என்று வைத்தாலும், 50 டெஸ்ட் ஒருசேரப் பச்சையாக வரும் வாய்ப்பு 0.99-இன் 50-ஆம் அடுக்கு, அதாவது 60 சதவீதம்தான். ஐந்து ஓட்டத்தில் இரண்டு காரணமின்றிச் சிவப்பாகும். அதன்பின் யாரும் சிவப்பைப் பார்த்துப் பதறமாட்டார்கள். ‘ரீ-ரன்’ தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எட்டு டெஸ்ட் என்றால் அதே கணக்கில் 92 சதவீதம்.

இரவில் மட்டும் தோற்கும் டெஸ்ட், காலையில் பச்சை. என்ன காரணம்?

முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள். பில்ட் சர்வர் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5.30 வரை, இங்கே இன்றைய தேதி, அங்கே நேற்றைய தேதி. ‘இன்றைய ஆர்டர்கள்’ என்று கேட்கும் டெஸ்ட் அந்த இடைவெளியில்தான் விழும்.

இது டெஸ்டோடு நிற்கும் தொல்லை இல்லை. ஏப்ரல் 1, அதிகாலை 2 மணிக்கு வரும் ஆர்டரை யுடிசியில் பார்த்தால் மார்ச் 31. இன்வாய்ஸ் போன நிதியாண்டின் வரிசையில் போய் விழும். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது. அதனால் கோடில் நேரடியாக ‘இப்போது மணி என்ன’ என்று கேட்காமல், கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதுங்கள். பிறகு டெஸ்டில் மார்ச் 31 இரவு 11.59, ஏப்ரல் 1 அதிகாலை 12.00, 5.29, 5.30 என்று நான்கு நேரங்களை வைத்துப் பாருங்கள்.

நேரம் காரணமில்லை என்றால், இரண்டு டெஸ்ட் ஒரே தரவைப் பகிர்கின்றனவா என்று பாருங்கள். டெஸ்டுகளின் வரிசையைக் கலைத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பெயர், முகவரிக்குத் தனி டெஸ்ட் வேண்டுமா?

கட்டாயம். ‘புதுச்சேரி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து; யூனிகோடில் 10 குறியீடு; யுடிஎஃப்-8-இல் 30 பைட். ஒரு சர்வீஸ் எழுத்தாகவும் இன்னொன்று பைட்டாகவும் எண்ணினால், ஒன்று ஏற்ற முகவரியை மற்றொன்று மறுக்கும். ‘கோபால்’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. டேட்டாபேஸுக்கு வேறு வேறு. பெயரை வாங்கும் முதல் சர்வீஸிலேயே என்எஃப்சி (யூனிகோடின் ஒருங்கிணைந்த) வடிவுக்கு மாற்றி, இரண்டு வடிவங்களையும் தேடிப் பார்க்கும் டெஸ்ட் எழுதுங்கள். எஸ்எம்எஸ்ஸிலும் கவனம் வேண்டும்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. நீண்டால் துண்டுக்கு 67. ‘பு’ இரண்டு இடம் பிடிக்கும்.

தீபாவளிக் கூட்டத்துக்கு லோடு டெஸ்ட் எப்படி?

சராசரியைப் பார்க்காதீர்கள், மெதுவான ஒரு துணை சர்வீஸ் மொத்தத்தையும் எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 20 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 250 மில்லிவிநாடி என்றால் ஒரு நேரத்தில் 5 கோரிக்கைதான் உள்ளே இருக்கும். கேட்வே மந்தமாகி 5 விநாடி எடுத்தால் அதே வரத்துக்கு 100 கோரிக்கை உள்ளே தேங்கும். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பராமரிக்கும் ஜாவா லைப்ரரியான ஹிகாரிசிபியின் இயல்பான கனெக்‌ஷன் பூல் 10. கேட்வே அழைப்பு முழுவதும் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தே வைத்திருந்தால், அரை விநாடியில் பத்தும் தீர்ந்து, ‘என் ஆர்டர் எங்கே’ என்று பார்க்கும் பக்கம்கூட நின்றுவிடும். டாக்ஸிபிராக்ஸியில் 5000 மில்லிவிநாடி தாமதம் போட்டு, அந்தப் பக்கம் வழக்கமான வேகத்தில் வருகிறதா என்று அளப்பதுதான் உங்கள் முதல் லோடு டெஸ்டாக இருக்க வேண்டும்.

கே6 என்ற லோடு டெஸ்ட் கருவியைப் பயன்படுத்தினால் வரத்து வேகத்தை நிலையாக வைக்கும் ‘கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்’ முறையை எடுங்கள். பயனர் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு பயனரும் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார். சர்வர் தடுமாறத் தடுமாற லோடும் குறைந்து, முடிவு நல்லதாகத் தெரியும்.

கேயாஸ் டெஸ்டிங் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?

கேயாஸ் டெஸ்டிங் என்றால் வேண்டுமென்றே எதையாவது உடைத்துப் பார்ப்பது. அதற்கு நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி போலப் புரொடக்‌ஷனில் சர்வர்களைக் கொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஜிங்கில் (உண்மை அமைப்பைப் போன்ற சோதனை அமைப்பில்) மாதம் ஒரு பிற்பகல், ஒவ்வொரு சர்வீஸாக அணைத்துப் பாருங்கள். அறிவிப்பு சர்வீஸ் அணைந்தால் ஆர்டர் பதிவாவது நிற்கக் கூடாது.

இந்தக் கடற்கரைக்கென்று ஒரு சோதனை உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. புயல் நாளில் கிளவுடில் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கிடங்கில்தான் கரண்டும் நெட்டும் இருக்காது. ஸ்கேனர்கள் ஆறு மணி நேரம் தனியாக வேலை செய்து, இணைப்பு வந்ததும் நூற்றுக்கணக்கான செய்திகளைப் பழைய நேர முத்திரையோடு ஒரே மூச்சில் அனுப்பும். அதற்குள் ஆன்லைனில் விற்ற பாக்கெட்டையே கிடங்கிலும் விற்றிருக்கலாம். இந்தக் காட்சியை டெஸ்டாக எழுதுங்கள்: கையிருப்பு மைனஸில் போகிறதா, வந்த நேரத்தை எடுக்கிறதா நடந்த நேரத்தை எடுக்கிறதா, வாடிக்கையாளருக்கு ஐம்பது எஸ்எம்எஸ் ஒன்றாகப் போகிறதா.

டிப்ளாய் நடக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் மட்டும் பிழை வருகிறது?

ரோலிங் டிப்ளாயில் (சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது) பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து ஓடும். புதிய மைக்ரேஷன் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றியிருந்தால் பழையது விழும். மைக்ரேஷன் ஓடிய டேட்டாபேஸின் மேல், இப்போது புரொடக்‌ஷனில் இருக்கும் பதிப்பின் டெஸ்டுகளை ஓட்டும் ஒரு படியைப் பைப்லைனில் சேருங்கள். பெயர் மாற்ற வேண்டுமென்றால் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய வரிசைகளை நிரப்பி, படிப்பதை மாற்றி, கடைசியாகப் பழையதை நீக்குங்கள். குறைந்தது மூன்று டிப்ளாய் ஆகும்.

8 ஜிபி ரேம் லேப்டாப்பில் ஆறு சர்வீஸும் காஃப்காவும் ஓடவில்லை.

ஓட்ட வேண்டாம். நீங்கள் மாற்றும் சர்வீஸ் ஒன்று, அதன் போஸ்ட்கிரெஸ் ஒன்று. மற்றவற்றுக்கு வயர்மாக் என்ற கருவியில் ஸ்டப். காஃப்கா டெஸ்டுகளைத் தனியாகப் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் ஓட்டுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள். ஒரு டெஸ்டும் இல்லை. எங்கே தொடங்குவது?

யூனிட் டெஸ்டில் தொடங்காதீர்கள். டெஸ்டுக்காக எழுதப்படாத கோடை அதற்கு ஏற்ப உடைக்கவே மாதங்கள் போகும். முதல் இரண்டு நாளில், ஆர்டர் போட்டுப் பணம் கட்டும் ஒரே ஒரு எண்ட்-டு-எண்ட் டெஸ்டை ஸ்டேஜிங்கில் எழுதுங்கள். அதே வாரம் எல்லா சர்வீஸிலும் டிரேஸ் ஐடி (ஒரு கோரிக்கையை எல்லா சர்வீஸிலும் பின்தொடர உதவும் எண்) போகும்படி செய்யுங்கள். ‘டிரேஸ்பேரன்ட்’ என்ற 55 எழுத்து ஹெடரை ஓப்பன்டெலிமெட்ரி லைப்ரரி தானே எடுத்துச் செல்லும். காஃப்கா செய்தியின் ஹெடரிலும் அது போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். இதுவரை வந்த புகார்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இரண்டு சர்வீஸுக்கு நடுவில் நடந்தது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். எந்த ஜோடிக்கு நடுவில் கோடு அதிகம் விழுகிறதோ, முதல் கான்ட்ராக்ட் டெஸ்டை அந்த இடத்தில் எழுதுங்கள்.